பேரிடருக்குப் பின் வரும் பணம் யாரிடம் தங்குகிறது? அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

2004 டிசம்பர் 26, ஞாயிற்றுக்கிழமை காலை. சுமத்திரா அருகே கடலடியில் நிகழ்ந்த நிலநடுக்கம் எழுப்பிய சுனாமி அலைகள் தமிழகக் கரையில் ஏறத்தாழ எட்டாயிரம் உயிர்களைக் கொண்டுபோயின. அவர்களில் ஆறாயிரம் பேருக்கு மேல் நாகப்பட்டினம் மாவட்டத்தைச் சேர்ந்தவர்கள். அலை வடிந்த பிறகு பணம் வந்தது. அரசு நிதி, உலக வங்கிக் கடன், உலகெங்கிலுமிருந்து நன்கொடை என்று அந்தக் கடலோரம் அதுவரை கண்டிராத அளவுக்கு வந்தது. அது என்ன செய்தது, என்ன செய்யத் தவறியது என்ற கேள்வி ஒவ்வொரு புயலுக்குப் பிறகும் வேறு ஊரில் வேறு பெயரில் எழுகிறது. மீண்டும் மீண்டும் கேட்கப்படும் கேள்விகளை இங்கே எடுத்துக்கொள்கிறேன். பெரும்பாலான பதில்களுக்கு நாகப்பட்டினமே சாட்சி.

இடிந்ததைத் திரும்பக் கட்டும்போது வேலை பெருகுகிறது, பணம் புழங்குகிறது. அப்படியானால் பேரிடரால் பொருளாதாரத்துக்கு நன்மையும் உண்டா?

வேலை பெருகுவது உண்மை. பணம் புழங்குவதும் உண்மை. அதை நன்மை என்று சொல்லுமுன் ஒரு வீட்டுக் கணக்கைப் போட்டுப் பாருங்கள். ஒரு மீனவர் மகளின் திருமணத்துக்காக எழுபதாயிரம் ரூபாய் சேர்த்து வைத்திருக்கிறார் என்று வைத்துக்கொள்வோம். அலை வந்து வலையை அடித்துக்கொண்டு போகிறது. சேமிப்பை எடுத்துப் புது வலை வாங்குகிறார். வலைக் கடையில் வியாபாரம் நடக்கிறது, வலை முடிபவருக்கு வேலை கிடைக்கிறது. ஆனால் அந்த வீட்டில் முன்பு வலையும் இருந்தது, எழுபதாயிரமும் இருந்தது. இப்போது வலை மட்டும்தான் இருக்கிறது. பந்தல்காரருக்கும் சமையல்காரருக்கும் தட்டாருக்கும் போயிருக்க வேண்டிய பணம் வலைக் கடைக்குப் போய்விட்டது. அவர்களுக்கு வராமல் போன வியாபாரத்தை எந்தப் புள்ளிவிவரமும் எழுதி வைப்பதில்லை.

நாட்டின் மொத்த உற்பத்திக் கணக்கும் இதே இடத்தில்தான் நம்மை ஏமாற்றுகிறது. அது ஓர் ஆண்டில் என்ன உற்பத்தியானது என்பதைக் கூட்டுகிறது. இருந்த வீடு, இருந்த படகு, இருந்த சாலை அழிந்ததை அதில் கழிப்பதில்லை. அவற்றைத் திரும்பக் கட்டுவதை மட்டும் கூட்டிக்கொள்கிறது. அதனால்தான் இடிபாடுகளுக்கு நடுவே நின்றுகொண்டு வளர்ச்சி என்று பேச முடிகிறது.

ஆனால் சுனாமிக்கு அடுத்த நிதியாண்டில் தமிழ்நாட்டின் பொருளாதாரம் வேகமாக வளர்ந்ததே?

வளர்ந்தது. 2005-06இல் மாநிலத்தின் உற்பத்தி ஏறக்குறைய 14 சதவீதம் உயர்ந்தது. அதற்குச் சுனாமியைக் காரணமாகச் சொல்வது பெரும் பிழை. உலக வங்கி, ஆசிய வளர்ச்சி வங்கி, ஐ.நா. அமைப்புகள் மூன்றும் சேர்ந்து 2005 தொடக்கத்தில் மதிப்பிட்டபடி, தமிழ்நாட்டின் சேதமும் இழப்பும் சேர்ந்து சுமார் 80 கோடி டாலர். அன்றைய நாணய மதிப்பில் மூவாயிரத்து ஐந்நூறு கோடி ரூபாய் வரும். அன்று மாநிலத்தின் ஆண்டு உற்பத்தி இரண்டு லட்சம் கோடியைத் தாண்டியிருந்தது. மாநிலத்தின் மொத்தக் கணக்கில் இரண்டு சதவீதம்கூட இல்லாத அந்த அடி, நாகையின் மீனவர் ஊர்களான கீச்சாங்குப்பத்திலும் அக்கரைப்பேட்டையிலும் இருந்ததையெல்லாம் துடைத்துவிட்டது. ஸ்ரீபெரும்புதூரில் கார் தொழிற்சாலை ஓடியதும் சென்னையில் மென்பொருள் நிறுவனங்கள் பெருகியதும் மாநிலச் சராசரியை உயர்த்தின. நாகையில் கூடாரத்தில் படுத்திருந்தவருக்கு அந்தச் சராசரியில் இடமில்லை.

அதே அலை மாலத்தீவில் ஏற்படுத்திய சேதம் அந்நாட்டின் ஆண்டு உற்பத்தியில் 62 சதவீதம். உயிரிழப்பு நூறைச் சுற்றித்தான் இருந்தது. ஆனால் சுற்றுலாவையும் மீன்பிடியையும் நம்பிய சிறு நாடு என்பதால் 2005இல் அதன் பொருளாதாரமே சுருங்கியது. ஆகவே, பேரிடர் பொருளாதாரத்தை என்ன செய்யும் என்று கேட்பவரிடம், எந்தப் பொருளாதாரத்தை என்று திருப்பிக் கேட்க வேண்டும். மாநிலத்தையா, மாவட்டத்தையா, ஒரு தெருவையா?

சேதம், இழப்பு என்று இரண்டு சொற்களைப் பயன்படுத்துகிறார்கள். இரண்டும் ஒன்றுதானே?

இல்லை. உடைந்த படகு சேதம். படகு இல்லாத ஏழு மாதங்களில் பிடிக்காமல் போன மீன் இழப்பு. சேதம் ஒரே நாளில் முடிந்துவிடும், இழப்பு நாள்தோறும் ஏறிக்கொண்டே போகும். கடலுக்குப் போகவே பயந்த நாட்கள், மீன் சாப்பிட மக்கள் தயங்கியதால் ஏலத்தில் விலை விழுந்த வாரங்கள், இவையெல்லாம் இழப்புக் கணக்கில் சேரும். நிவாரணம் பெரும்பாலும் சேதத்துக்குத்தான் வருகிறது. தாமதமாக வரும் ஒவ்வொரு மாதமும் இழப்பைப் பெருக்குகிறது என்பதால், காலத்தில் வரும் பாதிப் பணம் காலம் கடந்து வரும் முழுப் பணத்தைவிட மேல் என்றே நான் நினைக்கிறேன்.

வீடு கட்ட வந்த பணம் எங்கே போனது?

இதைத்தான் அதிகம் பேர் கேட்கிறார்கள். ஊழல் நடந்ததா என்ற எண்ணத்தோடு கேட்கிறார்கள். நான் சொல்ல வருவது அதைவிடச் சாதாரணமானது, ஆனால் அதைவிடப் பெரியது.

தமிழக அரசு 2005 மார்ச் 30 அன்று 172ஆம் எண் அரசாணையை வெளியிட்டது. ஒரு வீட்டுக்கு ஒன்றரை லட்சம் ரூபாய், 300 முதல் 325 சதுர அடி, கான்கிரீட் கூரை. நிலத்தை அரசு கொடுக்கும், கட்டுமானத்தில் தொண்டு நிறுவனங்கள் பங்கேற்கலாம். பத்திரம் கணவன் மனைவி இருவர் பெயரிலும். கீற்றுக் குடிசையில் பரம்பரையாக வாழ்ந்த குடும்பத்துக்குப் பட்டாவோடு ஒரு வீடு கிடைத்தது சிறு விஷயமே இல்லை. மனைவி பெயர் பத்திரத்தில் ஏறியது அதைவிடப் பெரிது. இந்த நன்மையைக் குறைத்துப் பேச மாட்டேன்.

இனி அந்த ஒன்றரை லட்சத்தைப் பின்தொடர்ந்து போங்கள். சிமெண்ட் நாகையில் உற்பத்தியாவதில்லை, அரியலூரிலிருந்தோ வேறெங்கிருந்தோ வர வேண்டும். கம்பியும் வெளியூர். தொண்டு நிறுவனம் பல இடங்களில் வேலையைப் பெரிய ஒப்பந்ததாரரிடம் கொடுத்தது. அவர் தன் கொத்தனார்களையும் சித்தாள்களையும் தன்னோடு அழைத்து வந்தார். ஒப்பந்ததாரரின் லாபம் அவர் ஊருக்குப் போனது, கூலியில் ஒரு பங்கு மணியார்டரில் போனது. நாகப்பட்டினத்தில் செலவான பணம் நாகப்பட்டினத்தில் சுற்றவில்லை. வெளியூர்த் தொழிலாளி சாப்பிட்ட சாப்பாட்டுக் கடையிலும், செங்கல் சூளையிலும், மணல் லாரியிலும் கொஞ்சம் தங்கியது. உள்ளூர்க் கூலியாக அது இறங்கியிருந்தால் மளிகைக் கடைக்கும் தையல்காரருக்கும் பள்ளிக் கட்டணத்துக்கும் இரண்டாம் சுற்று, மூன்றாம் சுற்று வந்திருக்கும். வந்த பணம் ஊரில் எத்தனை கை மாறியது என்பதுதான் மறுகட்டமைப்பின் உண்மையான அளவுகோல்.

பல மனைகளில் நிலத்தைச் சமப்படுத்துவதற்காக மரங்களை வெட்டினார்கள். வரிசையாக வீடு கட்டுவது ஒப்பந்ததாரருக்கு எளிது. வேம்பும் பூவரசும் போனபின் அந்த வெயிலில் வலை பிரிக்க நிழல் இல்லை. கோடையில் கான்கிரீட் கூரைக்கு அடியில் மின்விசிறி ஓடிக்கொண்டே இருக்க வேண்டும். நிழலுக்கு எந்த மதிப்பீட்டு அறிக்கையும் விலை போட்டதில்லை.

அப்படியானால் பணத்தையே மக்களிடம் கொடுத்துவிடுவது மேலா?

பல சூழ்நிலைகளில், ஆம். 2001 ஜனவரி 26 அன்று கட்ச் பகுதியைப் புரட்டிய நிலநடுக்கத்துக்குப் பிறகு குஜராத் பெரும்பாலும் அந்த வழியில் போனது. பணம் தவணையாக வங்கிக் கணக்கில் வந்தது. அடித்தளம் சரியாக இருக்கிறதா, நிலநடுக்கத்தைத் தாங்கும் பட்டைகள் போடப்பட்டனவா என்று பொறியாளர் பார்த்த பிறகு அடுத்த தவணை. வீட்டுக்காரர் தனக்குத் தெரிந்த கொத்தனாரை வைத்துத் தன் மனையிலேயே கட்டினார். பழைய கல், மரம், ஓடு ஆகியவற்றை எடுத்துப் பயன்படுத்தியதால் அதே பணத்தில் பெரிய வீடு வந்தது. கொத்தனார்களுக்குக் கொடுத்த பயிற்சி வேலை முடிந்த பிறகும் ஊரிலேயே இருந்தது.

இதில் குறையும் உண்டு. குடும்பத்தலைவரை இழந்த வீடு, முதியவர் மட்டும் இருக்கும் வீடு, மனையே இல்லாத வீடு ஆகியவற்றால் தாங்களே கட்டிக்கொள்ள இயலாது. அவர்களுக்குக் கட்டிக் கொடுக்கத்தான் வேண்டும். எல்லாருக்கும் ஒரே முறை என்பது நிர்வாகத்துக்கு வசதி, மக்களுக்கு அல்ல.

கடலிலிருந்து 200 மீட்டர் தள்ளிப் போகச் சொன்னது பாதுகாப்புக்குத்தானே? அதில் பொருளாதாரம் எங்கே வருகிறது?

மேலே சொன்ன 172ஆம் எண் அரசாணை யாரையும் வலுக்கட்டாயமாக நகர்த்தவில்லை. ஆனால் 200 மீட்டருக்குள்ளேயே இருப்பேன் என்பவர் தன் செலவில் பழுது பார்த்துக்கொள்ள வேண்டும். புதிய வீடு வேண்டுமென்றால் பழைய வீட்டையும் மனையையும் விட்டுக்கொடுக்க வேண்டும். கையில் ஒன்றுமில்லாதவருக்கு இது தேர்வா?

கரையில் வீடு இருப்பது மீனவருக்கு ஆடம்பரம் கிடையாது, அது அவருடைய தொழிற்கூடம். விடியுமுன் வாசலில் நின்று காற்றையும் நீரோட்டத்தையும் பார்த்துத்தான் அன்று போவதா வேண்டாமா என்று முடிவெடுக்கிறார். எந்திரமும் வலையும் கண்முன் இருக்கின்றன. படகு கரையேறும் சத்தம் கேட்டுக் கூடையோடு ஓடிவரும் பெண்ணுக்கு முதல் ஏலத்தில் நல்ல மீன் கிடைக்கிறது. ஒரு கிலோமீட்டர் உள்ளே போனால் எந்திரத்தைச் சுமந்து வர ஆட்டோ, வலைக்குக் காவல், மீனுக்குத் தாமதம். ஒவ்வொன்றும் தினச் செலவு. வீட்டின் விலை ஒன்றரை லட்சம் என்று ஒருமுறை எழுதிவிடலாம், அந்த ஒரு கிலோமீட்டரின் விலையை அந்தக் குடும்பம் ஆண்டுக்கணக்கில் கட்டிக்கொண்டிருக்கிறது.

இலங்கையிலும் இதே கோடு போடப்பட்டது. தெற்கிலும் மேற்கிலும் 100 மீட்டர், தமிழரும் முஸ்லிம்களும் அதிகம் வாழும் வடக்கிலும் கிழக்கிலும் 200 மீட்டர். எதிர்ப்பு வலுத்த பிறகு அது தளர்த்தப்பட்டது. அங்கே இன்னொரு துயரமும் சேர்ந்தது. உதவியைப் பகிர்ந்துகொள்ள 2005 ஜூனில் அரசும் விடுதலைப் புலிகளும் செய்துகொண்ட உடன்பாட்டின் முக்கியப் பிரிவுகளை அடுத்த மாதமே உச்ச நீதிமன்றம் நிறுத்தி வைத்தது. பிறகு போர் திரும்பியது. சமாதானம் இல்லாத இடத்தில் பணம் இருந்தும் வீடு எழும்பாது என்பதை முல்லைத்தீவு கண்டது.

நிறையப் படகு கொடுத்தார்களே, அது நல்லதுதானே?

நோக்கம் நல்லது. நன்கொடை கொடுப்பவருக்குப் படகு மனத்துக்குப் பிடித்த பொருள். வண்ணம் பூசி, பெயர் எழுதி, கரையில் வரிசையாக நிறுத்திப் படம் எடுக்கலாம். அழிந்தவை பெரும்பாலும் கட்டுமரங்கள், வந்தவை பெரும்பாலும் ஃபைபர் படகுகள். ஒரே ஊருக்குப் பல தொண்டு நிறுவனங்கள் தனித்தனியாகக் கொடுத்ததால் சில ஊர்களில் முன்பிருந்ததைவிட அதிகப் படகுகள் சேர்ந்தன. நாகையில் தொண்டு நிறுவனங்களுக்கான ஒருங்கிணைப்பு மையம் தொடங்கி விவரங்களைத் திரட்டியும் படகு மோகத்தை முழுதாகக் கட்டுப்படுத்த முடியவில்லை.

கடலில் பிடிபடுவது மீன்களின் எண்ணிக்கையைப் பொறுத்தது. படகு இரண்டு மடங்கானால் மீன் இரண்டு மடங்காகாது, ஒரு படகுக்குக் கிடைக்கும் மீன் குறையும், டீசல் செலவு மட்டும் குறையாது. அடுத்தது ஆள் பற்றாக்குறை. நேற்றுவரை பங்குக்குக் கடல் தொழில் பார்த்தவர் இன்று படகுக்குப் பங்காளி. அவர் படகில் ஏற ஆள் வேண்டுமே. நான்கைந்து பேருக்கு ஒரு படகு என்று கொடுத்த இடங்களில் எந்திரம் பழுதானால் யார் செலவு செய்வது என்ற தகராறில் சில படகுகள் மணலிலேயே கிடந்தன.

கடனையும் சொல்ல வேண்டும். கரையோரத்தில் படகு வாங்க மீன் வியாபாரி முன்பணம் கொடுப்பார், பதிலுக்குப் பிடிக்கும் மீன் அவரிடமே போக வேண்டும், விலையும் அவர் கையில். இலவசப் படகு அந்தப் பிணைப்பை அறுத்தது. இது மெய்யான விடுதலை. ஆனால் கட்டுமரத்துக்குக் கையும் துடுப்பும் பாயும் போதும், ஃபைபர் படகுக்கு எந்திரம் வேண்டும், எரிபொருள் வேண்டும், மூன்றாம் ஆண்டு உதிரி பாகம் வேண்டும். அதற்குப் பணம் தேடியவர் மீண்டும் அதே வியாபாரியின் வாசலில் நின்றார். பொருளைக் கொடுத்தவர்கள் அதை ஓட்டும் செலவை யோசிக்கவில்லை.

படகே இல்லாதவர்களுக்கு என்ன கிடைத்தது?

நிவாரணக் கணக்கு உடைமையிலிருந்து தொடங்கியது. என்ன இழந்தாய் என்று கேட்டார்கள். படகு இழந்தவருக்கு மானியம், வலை இழந்தவருக்குத் தொகை. தலைச்சுமையாக மீன் விற்ற பெண் இழந்தது அன்றாட முதலீட்டையும் வாடிக்கையாளரையும். உப்பங்கழியில் இறாலும் நண்டும் தடவிப் பிடித்த தலித் குடும்பம் இழந்தது கழியை. வேதாரண்யம் பக்கம் உப்பளத் தொழிலாளி இழந்தது கூலி நாட்களை. விவசாயத் தொழிலாளி இழந்தது பிறர் வயலில் கிடைத்த வேலையை. இவற்றுக்கு ரசீது கிடையாது. முதல் சில மாதங்களில் இவர்களில் பலர் பட்டியலிலேயே இல்லை. மீனவர் ஊர்களில் ஊர்ப் பஞ்சாயத்து வலுவானது, பொருளைப் பங்கிடுவதிலும் தகராறைத் தீர்ப்பதிலும் அரிய பணி செய்தது. ஆனால் அது தன் ஊர் மக்களுக்கான அமைப்பு. பக்கத்துச் சேரிக்கு அந்தக் குரல் இல்லை.

மறுகட்டமைப்பு இருந்ததை அப்படியே திரும்பக் கட்டினால், இருந்த ஏற்றத்தாழ்வையும் சேர்த்தே கட்டிவிடும். இந்த ஒன்றை மட்டும் எத்தனை முறை வேண்டுமானாலும் சொல்வேன்.

பேரிடருக்குப் பிறகு செங்கல், மணல், கூலி எல்லாம் விலை ஏறுவது ஏன்?

எல்லாரும் ஒரே நேரத்தில் ஒரே பொருளை வாங்க வருகிறார்கள், சூளையோ அதே சூளைதான். இதன் உச்சத்தை இந்தோனேசியாவின் அச்சே கண்டது. 2005 இறுதியில் பண்டா அச்சே நகரில் ஆண்டுப் பணவீக்கம் 40 சதவீதத்தைத் தாண்டியது. வெளிநாட்டு அமைப்புகள் வாடகை எவ்வளவானாலும் கொடுத்தன. நிவாரணப் பட்டியலில் இல்லாத ஆசிரியரும் சிறு கடைக்காரரும் அதே வாடகையைக் கொடுக்க வேண்டியிருந்தது. அங்கே மறுகட்டமைப்புக்கென 2005 முதல் 2009 வரை தனி அமைப்பே இயங்கியது, சுமார் 1,40,000 வீடுகள் எழுந்தன. அது பெரும் சாதனை. ஆனாலும் ஒரு வீட்டுக்கென முதலில் ஒதுக்கிய தொகை, கட்டி முடிப்பதற்குள் போதாமல் போனது. பணத்தைக் கொட்டும் வேகம் ஊரின் செங்கல், ஆள், சாலை ஆகியவை தாங்கும் வேகத்தை மிஞ்சினால் வீடு கூடுவதில்லை, விலைதான் கூடுகிறது.

சுனாமியில் கடல்நீர் புகுந்து உப்பேறிய நாகை வயல்கள் என்ன ஆயின?

ஜிப்சம் போட்டு, நல்ல நீர் தேக்கி வடித்து, பசுந்தாள் உரப் பயிரான தக்கைப்பூண்டை விதைத்து மடக்கி உழுதார்கள். அடுத்து வந்த வடகிழக்குப் பருவமழை உப்பைக் கழுவிக் கொடுத்தது. பலர் அஞ்சியதைவிட விரைவில் நெல் விளைந்தது. கிணறுகளும் குளங்களும் அவ்வளவு சீக்கிரம் தேறவில்லை.

பணத்தால் திரும்பக் கட்ட முடியாதது எது?

தென்னை. 2018 நவம்பர் 16 அதிகாலை வேதாரண்யம் அருகே கஜா புயல் கரையைக் கடந்தது. முன்னெச்சரிக்கை இருந்ததால் பல்லாயிரம் பேரை முகாம்களுக்குக் கொண்டுபோக முடிந்தது. தென்னந்தோப்பை எங்கே கொண்டுபோவது? பட்டுக்கோட்டை, பேராவூரணி பக்கம் முப்பது நாற்பது ஆண்டு மரங்கள் முறிந்தும் வேரோடு சாய்ந்தும் கிடந்தன. விழுந்த மரம் ஒன்றுக்கு 600 ரூபாயும் வெட்டி அகற்ற 500 ரூபாயும், ஆக 1,100 ரூபாய் நிவாரணம் அறிவிக்கப்பட்டது. கன்று நட்டால் காய்ப்புக்கு வர ஐந்து முதல் ஏழு ஆண்டு ஆகும். அதுவரை மகனின் கல்லூரிக் கட்டணத்தை எது கட்டும்? தென்னை வளர்ச்சி வாரியத்தில் தென்னைக்கான காப்பீட்டுத் திட்டம் ஏற்கெனவே இருந்தது, சேர்ந்திருந்தவர்கள் மிகக் குறைவு.

அந்தப் புயலுக்குத் தமிழ்நாடு மத்திய அரசிடம் கேட்டது ஏறத்தாழ 15,000 கோடி. தேசியப் பேரிடர் நிவாரண நிதியிலிருந்து அந்த ஆண்டு இறுதியில் ஒதுக்கப்பட்டது 1,146 கோடி. இந்த இடைவெளியைக் கண்டு கொதிப்பது நியாயம். அதோடு விதியையும் தெரிந்துகொள்ள வேண்டும். பேரிடர் நிதியின் நெறிமுறைப்படி கொடுக்கப்படுவது உடனடி நிவாரணம், இழப்பீடு அல்ல. நீண்ட கால மறுகட்டமைப்புக்கான பணத்தைக் கடனாகவோ திட்டமாகவோ வேறு வழியில்தான் அன்று திரட்ட வேண்டியிருந்தது. சுனாமிக்குப் பிறகு 2005 மே மாதத்தில் உலக வங்கி 46.5 கோடி டாலர் கடன் அனுமதித்தது அப்படித்தான்.

பணக்கார நாடுகள் முழுதாக மீண்டுவிடுகின்றனவா?

ஜப்பானின் கோபே நகரைப் பாருங்கள். 1995 ஜனவரி 17 நிலநடுக்கத்தில் 6,434 பேர் இறந்தார்கள். பணத்துக்கோ பொறியாளருக்கோ குறைவில்லை. துறைமுகம் 1997இல் பழுது நீங்கி நின்றது. ஆனால் நிலநடுக்கத்துக்கு முன் உலகின் ஆறாவது பெரிய சரக்குப் பெட்டகத் துறைமுகமாக இருந்த கோபே அந்த இடத்துக்குத் திரும்பவே இல்லை. இரண்டு ஆண்டுகள் கப்பல்கள் சும்மா நிற்குமா? தென் கொரியாவின் பூசானுக்கும் பிற துறைமுகங்களுக்கும் போயின, போனவை பெரும்பாலும் அங்கேயே பழகிவிட்டன. நிலநடுக்கம் வராதிருந்தால் இருந்திருக்கக்கூடிய தனிநபர் வருமானத்தைவிட 2008இல் கோபேவாசிகளின் வருமானம் 12 சதவீதம் குறைவு என்று ஓர் ஆய்வு கணக்கிட்டது. கான்கிரீட் திரும்பி வந்தது, வாடிக்கையாளர் வரவில்லை. நம் ஊர் மீன் ஏலக்கூடத்துக்கும் இது பொருந்தும். ஏலம் ஆறு மாதம் நின்றால் வெளியூர் லாரி வேறு துறைமுகத்தைப் பார்த்துக்கொள்ளும்.

முன்கூட்டியே செலவு செய்வதால் உண்மையில் பணம் மிச்சமாகிறதா?

சுனாமி முன்னெச்சரிக்கை மையம் ஹைதராபாத்தில் 2007 அக்டோபரில் செயல்படத் தொடங்கியது. அதற்கான செலவு சுமார் 125 கோடி. மேலே சொன்ன மூவாயிரத்து ஐந்நூறு கோடியோடு ஒப்பிடுங்கள், உயிர்களைக் கணக்கில் சேர்க்காமலேயே. 15ஆவது நிதி ஆணையம் 2021 முதல் மாநிலப் பேரிடர் நிதியில் ஐந்தில் ஒரு பங்கைத் தணிப்புக்கென்று, அதாவது பேரிடர் வருமுன்பே பாதிப்பைக் குறைக்கும் பணிகளுக்கென்று, தனியாக ஒதுக்கச் சொன்னது. புயல் வராத ஆண்டில் அந்தப் பணம் எதில் செலவாகிறது என்று கேட்பவர்கள் குறைவு. கேட்கத் தொடங்க வேண்டும்.

எங்கள் ஊரில் இப்போதுதான் மறுகட்டமைப்பு தொடங்குகிறது. கிராம சபையில் என்ன கேட்கலாம்?

பட்டியலை உடைமையை வைத்து எடுக்காமல் தொழிலை வைத்து எடுக்கச் சொல்லுங்கள். படகு இல்லாதவர், வயல் இல்லாதவர், வாடகை வீட்டில் இருந்தவர் அதில் இருக்கிறார்களா என்று பெயர் பெயராகப் பாருங்கள். உள்ளூர்க் கொத்தனார், சித்தாள்களுக்கு எத்தனை பங்கு வேலை என்று ஒப்பந்தத்திலேயே எழுதச் சொல்லுங்கள். நிற்கும் மரங்களை எண்ணி வரைபடத்தில் குறிக்கச் சொல்லுங்கள். வீடோ படகோ எது தந்தாலும் ஐந்து ஆண்டுப் பராமரிப்புச் செலவு எவ்வளவு, யார் தருவார்கள் என்று கேளுங்கள். வீட்டை விட்டுக்கொடுத்து இடம் மாறச் சொன்னால், காலி செய்யும் பழைய மனை இனி யார் பெயரில் இருக்கும், அங்கே படகு ஏற்றவும் வலை உலர்த்தவும் மீன் காயவைக்கவும் உரிமை தொடருமா என்பதைத் தீர்மானமாக எழுதி, நகல் வாங்கி வைத்துக்கொண்ட பிறகு கையெழுத்திடுங்கள்.